சீனக் கிராமச் சாலையில் தனியாகச் சைக்கிளில் போனால் அங்குள்ள மக்கள் எப்படி நடந்துகொள்வார்கள்?

உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் தென்மேற்குச் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் உள்ள குன்மிங்கில் இறங்கி, தாலி, லிஜியாங் வழியாக ஷாங்ரி-லா வரை சைக்கிளில் போகத் திட்டம். சீன மொழி தெரியாது. போய்வந்தவர்களில் சிலர் "வழியெல்லாம் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள்" என்கிறார்கள். வேறு சிலர் "விடுதியில் சேர்க்கவே இல்லை, கீழே விழுந்தால் ஒருவரும் தூக்க மாட்டார்கள், இந்தியர் என்றால் முகம் மாறிவிடும்" என்கிறார்கள். எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே என்ன பரிசு எடுத்துப் போகலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். விசாவைப் பற்றியோ தூரத்தைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை. ஆகவே வழியில் ஏதாவது நடந்துவிட்டால் அங்கே இருக்கிற மனிதர்களை நம்பலாமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

என் பேச்சை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சீன மொழி படித்தவள். செஜியாங் மாகாணத்தில் ஷாவோஷிங் பக்கத்தில் கெச்சியாவ் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெரிய துணி மொத்தச் சந்தை. இந்திய வியாபாரிகள் ஏராளமாக வந்துபோகும் இடம். அங்கே மொழிபெயர்ப்பாளராகப் பல வருடம் வேலை பார்த்தேன். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் யுன்னான், சிச்சுவான், குவாங்சி பக்கம் பேருந்திலும் சைக்கிளிலும் சுற்றினேன். அந்தத் தென்மேற்குப் பகுதியைப் பற்றித்தான் இந்தப் பதில். சின்ஜியாங்குக்கோ வடகிழக்கு மாகாணங்களுக்கோ இதை அப்படியே பொருத்த வேண்டாம். இன்னும் இரண்டு விஷயங்கள். நான் அவர்கள் மொழியில் பேசுகிறவள். உங்களுக்கு அந்த வசதி இருக்காது. நான் பெண் என்பதால் சமையலறை வரைக்கும் கூட்டிப்போய் உட்கார வைப்பார்கள். ஆண்கள் கூடிக் குடிக்கிற இடத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆண்களுக்கு நடப்பதைச் சொல்லும்போது, என்னுடன் வந்த நண்பர்களுக்கு நடந்ததைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, பதில்: நம்பலாம். நீங்கள் கேட்ட இரண்டு வகைக் கதைகளும் உண்மைதான். ஆனால் அந்தக் கதைகளில் வருகிறவர்கள் வேறு வேறு நிலையில் இருப்பவர்கள். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. தன் வீட்டு வாசலிலோ, தன் கடையிலோ, தன் லாரியிலோ இருக்கிற சீனர் தாராளமாக உதவுவார். மேசைக்குப் பின்னாலோ, வாயிற்கதவு ஓரத்திலோ, இன்னொருவர் ஒப்படைத்த பொறுப்பில் இருக்கிற சீனர் தயங்குவார். பல சமயம் "முடியாது" என்றே சொல்லிவிடுவார். உங்களுக்கு ஏதாவது ஆனால் பழி தன் தலையில் விழும் என்ற பயம்தான் அதற்குக் காரணம். உங்களைப் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. வரவேற்பு மேசையில் முகம் இறுகி "அறை இல்லை" என்று சொன்ன பெண்ணே, வேலை முடிந்து வெளியே வந்ததும் தன் ஸ்கூட்டரை முன்னால் ஓட்டிக்கொண்டு வேறொரு விடுதி வாசல் வரை எங்களைக் கூட்டிப்போய் விட்டிருக்கிறார். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டு போகிறவர்களுக்குப் பாதி மனவருத்தம் குறையும்.

சாலையோரத்தில் யார் இருப்பார்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். சொந்த நிலத்தை விட்டுக் கூலி வேலைக்குப் போன கிராமத்தவர்கள் சீன அரசின் கணக்குப்படியே ஏறக்குறைய 30 கோடிப் பேர். இவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஊரை விட்டே போனவர்கள். சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்குத்தான் திரும்பி வருவார்கள். ஜூலையில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் தாத்தா பாட்டிகள், அவர்களிடம் விட்டுவிட்டுப் போன பேரக் குழந்தைகள், மளிகைக் கடைக்காரர்கள், சாலைப் பணியாளர்கள், லாரி ஓட்டுநர்கள். பல்கலைக்கழக விடுமுறைக் காலம் என்பதால் உங்களைப் போலவே சைக்கிளில் வரும் சீன மாணவர்களும் கண்ணில் படுவார்கள். ஷாங்காய், ஷென்ஜென் அலுவலக வாழ்க்கையைப் பற்றி எழுதப்பட்டதை இந்த மக்கள் மேல் வைத்துப் பார்த்தால் பொருந்தாது.

கடை வாசலில் சைக்கிளை நிறுத்தியதும் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு சின்ன ஸ்டூலை இழுத்துப் போடுவார்கள். உட்காராமல் நின்றுகொண்டிருந்தால் விட மாட்டார்கள். அப்புறம் வெந்நீர் வரும். வியர்த்து வந்தவர் குளிர்ந்த தண்ணீர் குடித்தால் உடம்புக்கு ஆகாது என்பது அங்கே சிறியவர் முதல் பெரியவர் வரை எல்லோருடைய நம்பிக்கை. நீங்கள் ஐஸ் தண்ணீர் கேட்டால் உண்மையான அக்கறையோடு தடுப்பார்கள். நல்ல பிளாஸ்க் ஒன்று கையில் இருக்கட்டும். கடை, பெட்ரோல் பங்க், காவல் நிலையம் என்று எங்கே நீட்டினாலும் காசு வாங்காமல் வெந்நீர் நிரப்பித் தருவார்கள். யுன்னானில் முதியவர்கள் கை அளவு தடிமனான மூங்கில் குழாயில் தண்ணீர் ஊற்றி, வாயையும் கன்னத்தையும் குழாய் விளிம்பில் அழுத்திக்கொண்டு புகை இழுப்பார்கள். ஒருவர் இழுத்து முடித்ததும் குழாய் அடுத்தவரிடம் போகும். உங்களிடமும் வரும். சிரித்துக்கொண்டே கையை அசைத்தால் போதும், யாரும் தப்பாக நினைப்பதில்லை. சிகரெட் நீட்டுவதும் அப்படித்தான். ஆண்களுக்குள் அது ஒரு வணக்கம். கிராமச் சந்தை நாளில் போய்ச் சேர்ந்தால் ஒரே காலைப் பொழுதில் பத்து மலைக்கிராமத்து ஆட்களைப் பார்த்துவிடலாம். தாலிக்கு வடக்கே ஷாஷி என்ற பழைய ஊரில் வெள்ளிக்கிழமை சந்தை கூடும். உங்கள் வழியிலிருந்து கொஞ்சம் விலகினால் போதும்.

ஜூலை அங்கே காளான் காலம். மழை விட்டதும் காட்டிலிருந்து பறித்து வந்து, இலை மேல் பரப்பிவைத்து, சாலையோரம் பெண்கள் விற்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள், படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். ஆனால் வாங்கி நீங்களாகச் சமைக்க வேண்டாம். காட்டுக் காளான் விஷத்தால் யுன்னானில் ஒவ்வோர் ஆண்டும் உயிர் போகிறது. உள்ளூர்க்காரர்களுக்கே அது நடக்கிறது. உணவகத்தில் வெகுநேரம் வேகவைத்துக் கொடுப்பதை மட்டும் சாப்பிடுங்கள்.

எந்த நாடு, என்ன வயது, கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பிள்ளைகள், சம்பளம் எவ்வளவு, சைக்கிள் என்ன விலை என்று வரிசையாகக் கேட்பார்கள். மேற்கத்தியப் பயணிகள் பலருக்கு இது எரிச்சலாக இருக்கும். நம் ஊர்ப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்பவைதான் இவையெல்லாம் என்பதால் உங்களுக்கு அவ்வளவு சிரமம் இருக்காது. சம்பளத்தைச் சொல்ல விருப்பமில்லை என்றால் "போதுமான அளவு" என்று சொல்லிவிடலாம். உற்றுப் பார்ப்பதும், கேட்காமலே கைபேசியில் வீடியோ எடுப்பதும் நடக்கும். கொஞ்ச நேரத்தில் நீங்கள் யாரோ ஒருவருடைய டோயின் என்ற வீடியோ செயலிப் பக்கத்தில் இருப்பீர்கள். பிடிக்கவில்லை என்றால் கையை முகத்துக்கு முன்னால் காட்டுங்கள், நிறுத்திவிடுவார்கள்.

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. நம் நிறத்தில் இருப்பவரைப் பார்த்து முகத்துக்கு நேரே "எவ்வளவு கறுப்பு!" என்று சொல்லிவிடுவார்கள். கையைத் தொட்டுப் பார்க்கும் பாட்டிகளும் உண்டு. வெயிலில் உழைப்பவர் கறுப்பார், வசதியானவர் வெளுப்பார் என்ற பழைய எண்ணம் அங்கே ஆழமாக ஊறியிருக்கிறது. ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் கைக்கும் முகத்துக்கும் உறை போட்டுக்கொண்டு போவதை எங்கும் பார்க்கலாம். கிராமத்தில் இப்படிச் சொல்கிறவர் தன் சொந்தப் பேத்தியைப் பற்றியும் இதே குரலில் சொல்வார். அதில் வெறுப்பு இருந்ததாக நான் உணர்ந்ததில்லை. ஆனால் சீனாவில் நிறவெறியே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2020 ஏப்ரலில் கொரோனா பயத்தில் குவாங்சோ நகரில் ஆப்பிரிக்கர்கள் பலர் வாடகை வீடுகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வெளியேற்றப்பட்டார்கள். அது நடந்த விஷயம். உங்கள் வழித்தடத்தில் அந்த அளவுக்கு எதையும் எதிர்பார்க்கத் தேவையில்லை என்பது என் கணிப்பு.

இந்தியர் என்பதற்காக முகம் மாறுமா? 2020-இல் கல்வானில் நடந்த மோதலுக்குப் பிறகு சீனச் சமூக ஊடகங்களில் இந்தியாவைப் பற்றி மோசமாக எழுதுவது அதிகம், அது உண்மை. அதைப் படித்துவிட்டு நேரில் போகிறவர்களுக்கு வேறு அனுபவம் கிடைக்கும். எல்லையைப் பற்றிப் பேச்செடுக்கிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆண்களும் டாக்சி ஓட்டுநர்களும்தான். அவர்களும் "அது அரசாங்கங்கள் பாடு" என்று முடித்துவிடுவார்கள். அவர்கள் முதலில் பேச விரும்புவது சினிமா. ஆமிர் கானின் 'தங்கல்' 2017-இல் சீனாவில் 120 கோடி யுவானுக்கு மேல் வசூலித்தது. யுன்னான் மலையூரிலும் அந்தப் படத்தைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் ராஜ் கபூரின் 'ஆவாரா' பாட்டை ஹம் செய்து காட்டுவார்கள். 2024 நவம்பரில் விஜய் சேதுபதியின் 'மகாராஜா' அங்கே திரைக்கு வந்து நன்றாக ஓடியது. தமிழ் என்று ஒரு மொழி இருப்பதை இளைஞர்களுக்கு விளக்க அது கைகொடுக்கும். உங்களைப் பாகிஸ்தானியர் என்று நினைத்து ஒரு சிலர் கூடுதல் உற்சாகம் காட்டுவார்கள். மறுத்துச் சொன்னதும் உற்சாகம் கொஞ்சம் குறையும், மரியாதை குறையாது. "இந்தியாவில் பெண்கள் வெளியே போக முடியாதாமே, ரயில் கூரை மேல் உட்கார்ந்து போவார்களாமே" என்றும் கேட்பார்கள். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். நம்மவர்கள் சீனர்களைப் பற்றிக் கேட்கிற கேள்விகள் இதைவிட மேலானவை இல்லை.

இப்போது விடுதி. உங்களுக்கு மனக்கசப்பு வருவதற்கு அதிக வாய்ப்புள்ள இடம் இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன். 2013 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற குடிவரவுச் சட்டப்படி, வெளிநாட்டவர் விடுதியில் தங்கினால் அந்த விடுதி அவர் விவரத்தைக் காவல் துறைக்கு அனுப்ப வேண்டும். யாருடைய வீட்டிலாவது தங்கினால், நீங்களோ வீட்டுக்காரரோ 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டவருக்கு அறை கொடுக்கத் தனி உரிமம் வேண்டும் என்ற எண்ணம் பழைய காலத்தின் மிச்சம். அப்படி ஒரு தகுதி இல்லை என்பதைக் காட்டி மறுக்கக் கூடாது என்று 2024-இல் சீன அரசே விடுதிகளுக்குச் சொல்லிவிட்டது. ஆனால் சின்ன ஊர் விடுதியின் வரவேற்பு மேசையில் இருப்பது பெரும்பாலும் முதலாளியின் அத்தையாகவோ, பத்தொன்பது வயதுப் பெண்ணாகவோ இருக்கும். சீன அடையாள அட்டையை வைத்தால் கருவி தானாகப் படித்துவிடும். உங்கள் பாஸ்போர்ட்டைத் தட்டச்சு செய்ய வேண்டும், எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் என்பது அவருக்குத் தெரியாது. தப்பாகப் பதிவானால் அபராதம் கட்டுவது முதலாளி. "அறை இல்லை" என்று சொல்லிவிடுவது அவருக்கு மிகப் பாதுகாப்பான வழி.

அதனால் குரல் உயர்த்தாதீர்கள். "காவல் நிலையத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்க முடியுமா?" என்று சீன எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள். காவலர் "சரி, தங்க வையுங்கள், பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டால் பொறுப்பு இடம் மாறிவிடுகிறது; அந்தப் பெண்ணின் முகமும் தெளிந்துவிடும். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்பதைவிட நேரில் போய் நிற்பது நல்லது. இதற்கு ஒரு பழைய ஆய்வு நினைவுக்கு வருகிறது. 1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியலாளர் ஓர் இளம் சீனத் தம்பதியோடு அமெரிக்காவைச் சுற்றினார். சீனர்கள் மீது அங்கே கடும் வெறுப்பு இருந்த காலம். விடுதியும் உணவகமுமாக 251 இடங்களில் ஒரே ஓர் இடத்தில்தான் மறுத்தார்கள். சில மாதம் கழித்து அதே இடங்களுக்கு "சீனர்களைச் சேர்ப்பீர்களா?" என்று கடிதம் எழுதினார். பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் "சேர்க்க மாட்டோம்" என்றார்கள். கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் வாசலில் வரவேற்றவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை என்று இந்த ஆய்வைக் குறை சொன்னவர்கள் உண்டு; நியாயமான குறைதான். இருந்தாலும் "வெளிநாட்டவர்" என்ற சொல்லைத் தொலைபேசியில் கேட்பதும், நனைந்துபோய்ச் சைக்கிளோடு நிற்கிற ஒரு மனிதரைக் கண்ணால் பார்ப்பதும் ஒன்றில்லை. சீனாவில் அதை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

சின்ன ஊரில் தங்கிய இரவில் காவலர் வந்து கதவைத் தட்டி பாஸ்போர்ட் கேட்டால் பதற வேண்டாம். அசல் பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்க வேண்டும். அடுத்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். சிலர் வழியையும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

கீழே விழுந்தால் யாரும் தூக்க மாட்டார்கள் என்ற பேச்சு காற்றில் வந்ததில்லை. 2006-இல் நாஞ்சிங் நகரப் பேருந்து நிறுத்தத்தில் விழுந்த ஒரு மூதாட்டி, தன்னைத் தூக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோன இளைஞரே தன்னை இடித்தவர் என்று வழக்குப் போட்டார். இடிக்காதவர் இவ்வளவு உதவி செய்திருக்க மாட்டார் என்கிற விதமாக நீதிமன்றம் வாதித்து, செலவில் 40 சதவீதத்தை அந்த இளைஞர் தலையில் கட்டியது. நாடே கொதித்தது. அந்த இளைஞர் இடித்தது உண்மைதான், பிறகு அவரே அதை ஒப்புக்கொண்டார் என்று 2012-இல் அந்நகர அதிகாரி ஒருவர் சொன்னார். அதற்குள் "உதவினால் மாட்டிக்கொள்வாய்" என்ற பாடம் பரவிவிட்டது. 2011 அக்டோபரில் ஃபோஷான் நகரில் வண்டி ஏறிக் கிடந்த இரண்டு வயதுக் குழந்தையைப் பதினெட்டுப் பேர் கடந்து போனார்கள். பழைய பொருள் பொறுக்கிப் பிழைக்கிற ஒரு பெண்தான் நின்று தூக்கினார். குழந்தை பிழைக்கவில்லை. இந்த வேதனைகளுக்குப் பிறகு சட்டம் மாறியது. 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிற சிவில் சட்டத் தொகுப்பின் 184-ஆவது பிரிவு, அவசரத்தில் தானாக முன்வந்து உதவியவர் மீது பொறுப்பு சுமத்தக் கூடாது என்கிறது.

ஆகவே பயம் இருந்தது, ஓரளவு இன்னும் இருக்கிறது. நகரத்தில், யாரும் யாரையும் அறியாத தெருவில், அது கூடுதல். கிராமச் சாலையில் குறைவு என்பது என் அனுபவம். எண்ணிக்கை காட்டி நிரூபிக்கக்கூடிய விஷயமில்லை. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. "நானேதான் விழுந்தேன், உங்கள் மேல் தவறில்லை, தயவுசெய்து 120-ஐக் கூப்பிடுங்கள்" என்று சீன எழுத்தில் அச்சடித்த ஓர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். 120 ஆம்புலன்ஸ், 110 காவல். முதல் வாக்கியத்தைப் படித்ததும் தயங்கி நின்றவர் கிட்டே வருவார்.

சீனர்கள் நேர்மையில்லாதவர்கள் என்பதற்கு ஆதாரமாகச் சிலர் காட்டும் ஓர் ஆய்வும் உண்டு. 2019-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. நாற்பது நாடுகளில், தொலைந்ததாகச் சொல்லி 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்களைக் வங்கி, அஞ்சலகம், விடுதி போன்ற இடங்களின் மேசைகளில் ஒப்படைத்து, அதில் இருந்த மின்னஞ்சலுக்கு எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று பார்த்தார்கள். சீனா பட்டியலின் அடிப்பகுதியில் இருந்தது. அங்கே அன்றாட வாழ்வில் யார் மின்னஞ்சல் எழுதுகிறார்கள் என்று அப்போதே பலர் கேட்டார்கள். பிறகு சீன ஆய்வாளர்கள் அதே சோதனையைச் சீன நகரங்களில் மறுபடி செய்தபோது, மின்னஞ்சல் எழுதியவர்கள் குறைவு, ஆனால் பெரும்பாலான பர்ஸ்கள் பத்திரமாக எடுத்து வைக்கப்பட்டிருந்தன. கெச்சியாவில் நான் பார்த்ததும் இதுதான். மறந்து வைத்த பை அடுத்த நாள் அதே மேசையில் இருக்கும். ஆளைத் தேடி வந்து கொடுக்க மாட்டார்கள், தேடி வந்தால் அப்படியே எடுத்துத் தருவார்கள்.

சாலையில் உங்களுக்கு அதிகம் உதவப்போவது லாரி ஓட்டுநர்களும் சாலைப் பராமரிப்புப் பணியாளர்களும்தான். மலை இறக்கங்களில் "தண்ணீர் நிரப்புமிடம்" என்று எழுதிய பலகையும் ரப்பர் குழாயும் தெரியும். சூடேறும் பிரேக்கைக் குளிர்விக்க லாரிகளுக்கு அங்கே தண்ணீர் நிரப்பிக் கொடுப்பார்கள். அங்கே நிறுத்தினால் பேச ஆள் கிடைக்கும், முன்னால் சாலை எப்படி இருக்கிறது என்ற சேதியும் கிடைக்கும். செங்டுவிலிருந்து லாசா போகும் 318-ஆம் எண் தேசியச் சாலையில், பராமரிப்புப் பணியாளர் முகாம்கள் பல காலமாகச் சைக்கிள்காரர்களுக்கு இடம் கொடுத்து வருகின்றன. உங்கள் 214-ஆம் எண் சாலையிலும் மழை கொட்டும்போது அத்தகைய கட்டிடத்தில் ஒதுங்கக் கேட்டுப் பார்க்கலாம். விரைவுச் சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, அந்தப் பக்கம் ஏற வேண்டாம். ஜூலையில் மண்சரிவு சகஜம். பணியாளர் கொடியைக் காட்டி நிறுத்தினால் எவ்வளவு நேரமானாலும் நில்லுங்கள்.

மொழி உங்களைப் பயமுறுத்துகிற அளவுக்குத் தடையில்லை. நீங்கள் புரியாமல் விழித்தால் சிலர் உள்ளங்கையில் விரலால் எழுத்தை எழுதிக் காட்டுவார்கள். பேச்சு புரியாத வெளியூர்ச் சீனரிடம் எழுதிக் காட்டிப் பழகியவர்கள். கைபேசியை நீட்டுங்கள், அதில் எழுதித் தருவார்கள். ஒரு கையாலேயே பத்து வரை எண்ணிக் காட்டும் முறையைப் போவதற்கு முன்னால் கற்றுக்கொள்ளுங்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விரித்தால் எட்டு. நாம் அதை இரண்டு என்று நினைத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை இணையமில்லாமல் இயங்கும்படி இங்கேயே இறக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் கூகுள் அங்கே முடக்கப்பட்டிருக்கிறது. தமிழைவிட ஆங்கிலத்திலிருந்து சீனத்துக்கு மாற்றினால் பிழை குறைவு. யுன்னானில் 25 சிறுபான்மை இனங்கள் வாழ்கின்றன. பாய், நாஷி, யீ, திபெத்தியக் கிராமங்களில் வயதானவர்களுக்கு என் சீனமே எட்டாத இடங்கள் உண்டு. பேரக் குழந்தைகள்தான் எனக்கும் மொழிபெயர்த்தார்கள்.

காளான் விற்கும் பாட்டி வரைக்கும் எல்லோரும் கியூஆர் கோடு வைத்திருக்கிறார்கள். அலிபே என்ற பணச் செயலியில் உங்கள் வெளிநாட்டு வங்கி அட்டையை இங்கேயே இணைத்துச் சரிபார்த்துவிட்டுப் போங்கள். 200 யுவானுக்கு மேற்பட்ட செலவுக்குக் கட்டணம் பிடிப்பார்கள். சில்லறை நோட்டுகளும் கொஞ்சம் இருக்கட்டும். வீட்டுக்குள் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டவர் காசு வாங்க மாட்டார். கையில் திணித்தால் மனம் நோகும். திரும்பும்போது வழியில் பழம் வாங்கி, இரண்டு கையாலும் கொடுங்கள். அவர் இரண்டு மூன்று முறை மறுப்பார், பிறகு வாங்கிக்கொள்வார். நீங்களும் சாப்பாட்டுக்கு உடனே தலையாட்டிவிடாமல் ஒருமுறை மறுத்துப் பார்ப்பது அங்கே நல்ல பழக்கம். ஒருவேளை அவர் உபசாரத்துக்கு மட்டும் கூப்பிட்டிருந்தால், அப்போது தெரிந்துவிடும்.

சைவம் என்று எழுதியிருந்தீர்கள். யுன்னானின் சின்ன உணவகங்களில் காய்கறியைக் கண்ணாடிக் குளிர்பெட்டியில் முன்னாலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். வேண்டியதைச் சுட்டிக் காட்டினால் வதக்கித் தருவார்கள். வதக்குவது பன்றிக் கொழுப்பிலாக இருக்கலாம், ஆகவே "தாவர எண்ணெய்" என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பௌத்தர்களின் வழக்கம் தெரிந்தவர்கள் என்பதால் சைவத்தை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

திபெத், தைவான், கட்சி அரசியல் ஆகியவற்றை நீங்களாகப் பேச்சில் எடுக்காதீர்கள். நீங்கள் நாலு நாளில் ஊருக்குப் போய்விடுவீர்கள். உங்களோடு பேசியவர் அங்கேயே இருக்க வேண்டியவர். ஷாங்ரி-லா யுன்னான் மாகாணத்தில் இருப்பதால் அதற்குத் திபெத் அனுமதிச் சீட்டு வேண்டாம். அதற்கும் மேலே போய்த் திபெத் தன்னாட்சிப் பகுதிக்குள் நுழைய வெளிநாட்டவருக்கு அனுமதிச் சீட்டும் முகவர் மூலம் ஏற்பாடு செய்த வழிகாட்டியும் கட்டாயம். யாராவது லாரியில் ஏற்றி அப்படியே கூட்டிப்போகிறேன் என்று அன்பாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள், மாட்டிக்கொள்வது அவரும்தான்.

பரிசு கேட்டீர்களே, கனமாக எதையும் சுமக்க வேண்டாம். அஞ்சலட்டைகளும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களும் போதும். குழந்தைகளுக்கு எதைக் கொடுப்பதானாலும் பாட்டியின் கையில் கொடுங்கள். அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்கள், வீட்டு வாசல், கல்யாணம் ஒன்று என்று பத்துப் படங்களைக் கைபேசியில் ஒரே இடத்தில் போட்டு வையுங்கள். அந்தச் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து கேட்கப்படுகிற கேள்விகளில் முக்கால்வாசிக்கு அவற்றைக் காட்டினாலே பதில் கிடைத்துவிடும். அவர்களும் தங்கள் கைபேசியை எடுத்துப் பட்டணத்தில் இருக்கிற பிள்ளைகளைக் காட்டத் தொடங்குவார்கள். குன்மிங்கிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் வேறு ஏதாவது சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள், எழுதுகிறேன்.